இடியப்பத் தட்டின் மேல் ஆர்கன்

வருகைப் பாடலின் இரண்டாவது சரணத்தில் சத்தம் உடைந்தது.

முதலில் ஒரு கீறல். பிறகு தாச்சியில் கடுகு பொரிவது போலப் படபடவென்று. என் விரல்கள் கீபோர்டின் கட்டைகளின் மேல்தான் இருந்தன. ஆனால் சவுண்ட் பொக்ஸில் ஆர்கன் இல்லை. கடுகு மட்டும் பொரிந்தது.

பாடகர் குழு நின்றது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பீடத்தில் சிலையாக நிற்கும் அந்தோனியார் மட்டும் பார்க்கவில்லை. அவர் தன் கையிலிருக்கும் பாலனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, தாளிக்கிறீங்களா?" என்றான் ஜெயா. "கறி எங்க?"

பெண்கள் சிரித்தார்கள். ஜெயா எங்கள் பாடகர் குழுத் தலைவன். ஆட்டோ ஓட்டுகிறவன். குரலும் நல்லது, வாயும் நல்லது.

லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட்டேன். அது பழையது. அதற்குள் இருக்கும் ஆர்கன் சொப்ட்வெயார் திறந்து எழும்புவதற்குள் ஒரு உலை கொதித்துவிடும். குழு வாங்குகளில் உட்கார்ந்தது. செபமாலை மாமி எழுந்து வந்து, லப்டொப்பின் கீழும் பின்னாலும் கிடந்த சிவப்பு வெல்வெட்டுச் சீலையை இழுத்து நேராக்கிவிட்டுப் போனார். கோயில் துணிமணி எல்லாம் அவருடைய பொறுப்பு.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை முதல் சரணத்திலேயே கடுகு.

பாதர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இளம் ஆள். எங்கள் பங்குக்குப் புதிது.

"பாதர், டவுனில ஒரு பெடியன் இரிக்கான்," என்றான் ஜெயா. "எல்லாப் பாட்டுக்கும் மியூசிக் அடிச்சு பென் டிரைவில தருவான். சொருகினாச் சரி. தாளிக்கிற வேலை இல்ல."

பாதர் என்னைப் பார்த்தார். "அடுத்த ஒத்திகை வரைக்கும் பாப்பம் திரேசாக்கா. அண்டைக்கும் இப்பிடியெண்டா பென் டிரைவ்தான். திருநாளில இது ஏலாது."

"ஓம் பாதர்," என்றேன்.

தோணி வரும் வரை

எங்கள் கோயில் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. திருநாளுக்கு முதல் நாள் அந்தோனியாரின் சுரூபத்தைத் தோணியில் ஏற்றி எதிரே எழுவான்கரையில் உள்ள சிற்றாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். இரவு அங்கே தங்குவார். காலையில் திரும்பி வருவார். தோணி கண்ணில் பட்டதும் கோயிலுக்குள் அவருடைய பாட்டைத் தொடங்க வேண்டும். சுரூபம் வாசற்படி ஏறிப் பீடத்தடிக்கு வந்து சேரும் வரை பாட்டு நிற்கக் கூடாது. அது எங்கள் ஊர் ஒழுங்கு.

எவ்வளவு நேரம் என்று எவருக்கும் தெரியாது. காற்றுத்தான் முடிவு செய்யும். திருநாள் வருவது கச்சான் வீசும் காலத்தில். மேற்கிலிருந்து சூடாக அடிக்கிற காற்று அது. தோணி அதற்கு முகம் கொடுத்து வர வேண்டும். மோட்டார் பூட்டுவதில்லை. சவள் துடுப்பால் வலித்துத்தான் வர வேண்டும். சில வருடம் நாலு சரணத்துக்குள் வந்துவிடுவார். சில வருடம் பாட்டை எத்தனை தரம் சுற்றினோம் என்று எங்களுக்கே தெரியாமல் போகும்.

பென் டிரைவில் உள்ள பாட்டுக்கு ஒரு நீளம் உண்டு. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். நடுவில் ஒரு வெறுமை விழும். அந்த வெறுமையில் அந்தோனியார் வந்திறங்கினால் கிழவிகள் அழுவார்கள். இதை ஜெயாவுக்குச் சொல்லலாம். கடுகை விட வெறுமை பரவாயில்லை என்பான்.

எனக்கென்றும் ஒரு காரணம் இருந்தது. நான் பாட மாட்டேன். தொண்டை கட்டை. பேச்சும் குறைவு. வாசிப்பு இல்லையென்றால் எனக்குக் கோயிலில் ஒரு வாங்கு மூலை, அவ்வளவுதான். குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்த காலம் முழுக்க ஒரு பூசைக்கும் வாசிக்கவில்லை. திரும்பி வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்த நாளில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மறுபடி எழும்ப மனமில்லை. அதுதான் எழுத முடிகிறது.

சீலை மட்டும் மிஞ்சியது

பழைய ஆர்கனைப் பற்றி ஒரு வார்த்தை.

அது மரப் பெட்டி போட்ட கரண்ட் ஆர்கன். அதை வாசித்தவர் செபமாலை மாமியின் புருஷன். மூச்சிழுப்பு வந்தால் அவரால் உட்கார ஏலாது. அப்போது என்னைக் கூப்பிடுவார். கன்னியர் மடத்தில் ஆர்மோனியம் பார்த்துப் பழகியவள் நான். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. பாட்டு காதால் வந்தது.

மாமி தன் கையால் அந்த ஆர்கனுக்கு ஒரு சட்டை தைத்தார். சிவப்பு வெல்வெட்டு. நடுவில் பொன் நூலில் சிலுவை. ஓரத்தில் கதிரும் திராட்சையும். பூசை முடிந்ததும் மாமா மூடியை இறக்குவார், மாமி சட்டையைப் போடுவார்.

நான் குவைத்தில் இருக்கும்போது மாமா போய்விட்டார். திரும்பி வந்த பிறகு அவருடைய இடத்தில் நான் இருந்தேன். பிறகு ஒரு மாரியில் வாவி பெருகிக் கோயிலுக்குள் வந்தது. ஆர்கன் ஊறி, வீங்கி, வாய் பிளந்தது. அந்தக் கிழமை சட்டை மாமி வீட்டில் தோய்க்கக் கிடந்தது. அதனால் அது தப்பியது.

பிறகுதான் லப்டொப்பைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். முதல் நாளே மாமி அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது கோயிலா, வங்கியா?" என்றார்.

அடுத்த நாள் சட்டையின் மடிப்பைப் பிரித்துச் சீலையாக்கி மேசையில் விரித்தார். லப்டொப்பை அதன் நடுவில் வைத்தார். மிச்சத்தைப் பின்புறமாக மடித்து, பக்கங்களில் ஊசி குத்தினார். திரையும் கட்டைகளும் மட்டும் வெளியே தெரிந்தன. பார்க்க ஆர்கன் போலவே இருந்தது. எனக்கும் பிடித்தது.

குவைத்தில் ஒரு அறை

நான் வேலை செய்த வீட்டைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். அந்த வீட்டின் மூத்த மகனுடைய அறையைப் பற்றி எழுதவில்லை.

அவன் பாட்டுச் செய்கிறவன். அறை முழுக்க வயர். நான் கூட்டித் துடைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் அவன் ஒரு கட்டையை அழுத்தினான். மேசையில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து பெரிய கோயில் ஆர்கன் கேட்டது. நான் தும்புத்தடியோடு நின்றுவிட்டேன்.

அவன் பார்த்துச் சிரித்தான். உட்காரச் சொல்லிக் கை காட்டினான். நான் உட்காரவில்லை. நின்றபடி ஒரு பாட்டை வாசித்தேன். அதற்குப் பிறகு நான் கூட்டப் போகும் நேரம் அவன் கதவைத் திறந்தே வைத்தான். எந்த இடத்தை அழுத்தினால் என்ன வரும் என்று காட்டினான். எனக்கு அவன் மொழி பாதி, அவனுக்கு என் மொழி இல்லை. விரலால் படித்தேன்.

நான் ஊருக்குத் திரும்பும்போது அவன் புதிது வாங்கியிருந்தான். பழைய லப்டொப்பையும் ஒரு சின்னக் கீபோர்டையும் என் பெட்டிக்குள் வைத்தான். குப்பையை ஏன் கொடுக்கிறாய் என்று மேடம் அவனை ஏசினார். குப்பை என்ற சொல் எனக்கு விளங்கியது. நான் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

வாளி

இந்த ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கேயோ ஒரு பெரிய கோயிலில் உள்ள ஆர்கனை, குழல் குழலாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நான் ஒரு கட்டையை அழுத்தினால் பல குழல்கள் ஒன்றாக ஊத வேண்டும். இரண்டு கையையும் வைத்தால் லப்டொப்புக்கு மூச்சு முட்டும். புதியது என்றால் தாங்கும். என்னுடையது பழசு.

அதனால் அது சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடும். நான் அதை வாளி என்று நினைத்துக்கொள்வேன். வாளி எவ்வளவு பெரியது என்று நாங்களே வைக்கலாம். சின்ன வாளி என்றால் அழுத்தினதும் சத்தம் வரும். ஆனால் ஓயாமல் அள்ள வேண்டும். ஒரு தரம் அள்ளப் பிந்தினால் வெறும் வாளி வரும். அந்த வெறும் வாளிதான் கடுகு.

பெரிய வாளி என்றால் கடுகு குறையும். ஆனால் நிரம்பும் வரை நிற்க வேண்டும். அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம்.

பிந்தி வருவது எனக்குப் பழக்கம். குவைத்திலிருந்து வீட்டுக்குப் பேசும்போது, சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். பதில் வராது. கேட்கவில்லையாக்கும் என்று மறுபடி கேட்பேன். அப்போது முதல் கேள்விக்குப் பதில் வரும். இரண்டு பேரும் ஒன்றாகப் பேசுவோம். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் பேசாமல் இருப்போம். அப்படியே வருடங்கள் போயின.

ஆகவே பெரிய வாளியை வைத்தேன். சத்தம் வருவதற்கு முன்பே அடுத்த கட்டைக்குப் போகப் பழகினேன். காதை நம்பாமல் விரலை நம்பி வாசித்தேன். வீட்டில் அது நன்றாகவே வந்தது.

கோயிலில்தான் வரவில்லை.

குறைத்தவை

அந்த ஒத்திகைக்குப் பிறகு சுமையை ஒவ்வொன்றாக இறக்கினேன்.

போட்டோக்களை அழித்தேன். இன்டர்நெட்டை வெட்டினேன். திரையில் மினுங்குகிற படங்களை நிறுத்தினேன். ஒரே நேரத்தில் ஊதுகிற குழல்களைக் குறைத்தேன். தடித்த குழல்களை மூடினேன். சத்தம் மெலிந்தது.

சொப்ட்வெயாருக்குள் ஒரு எதிரொலி இருந்தது. பெரிய கோயிலுக்குள் கேட்பது போலக் காட்டுவதற்கு. அதுதான் மிகவும் பாரம். எங்கள் கோயிலுக்கே கூரை உயரம், எதிரொலி உண்டு. லப்டொப் ஏன் இன்னொரு கோயிலைச் சுமக்க வேண்டும். அதையும் நிறுத்தினேன்.

ஒரு பின்னேரம் செபமாலை மாமியிடம் கோயில் சாவி வாங்கப் போனேன். அவரும் கூட வந்து, முதலில் சீலையை விரித்து ஊசி குத்தினார். பிறகுதான் என்னை வாசிக்க விட்டார்.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் கடுகு.

மாமிக்கு இது கண்ணூறு என்று பட்டது. பாதரைக் கூட்டி வந்தார். பாதர் சிரித்துக்கொண்டே மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் குனிந்து என் சாறி முந்தானையால் கட்டைகளைத் துடைத்தேன். ஆசீர்வாதத்தைத் துடைக்கிறாள் என்று மாமி என்னை முறைத்தார். ஆனால் மேலதிகத் தண்ணீரை அந்தோனியாரே விரும்ப மாட்டார்.

மறுநாள் பாதையில் வாவியைக் கடந்தேன். பாதை என்றால் எங்களுக்கு ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவை. அங்கிருந்து பஸ் பிடித்துக் காத்தான்குடிக்குப் போனேன். ஒரு சந்துக்குள் லப்டொப் திருத்துகிற முஸ்லிம் அண்ணன், ஒரு நானா, இருந்தார். கழற்றிப் பார்த்தார். தூசு ஊதினார். ஒரு பல்லி முட்டைக் கோதை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாடகை குடுக்காம ஆள் இருந்திருக்கி," என்றார்.

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல தங்கச்சி. வயசுதான். சூடாகாமப் பாருங்க. சூடானா இது தானாவே மெதுவாயிரும். அதுதான் இதுட குணம்."

பஸ்ஸில் வரும்போது அதை யோசித்தேன். காரணம் சூடாக இருக்க முடியாது. என் வீட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானம் உள்ளே இருந்தால் தலை கொதிக்கும். அங்கே மணிக்கணக்காக வாசிக்கிறேன், ஒரு கடுகும் இல்லை. கோயிலில் வாவிக் காற்று ஒரு யன்னலால் வந்து மற்ற யன்னலால் போகும். அங்கேதான் பொரிகிறது. ஆகவே சூடு இல்லை.

கரண்டில்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டினேன். பாதரின் அறையிலிருந்து ஜெயா வயர் இழுத்துத் தந்தான். அதிலும் பொரிந்தது.

"அக்கா, நான் டவுனுக்குப் போய் வாறன்," என்றான் ஜெயா. எதற்கு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலைச் சுட்டது

நான் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறவள். வீட்டில் எங்கு பார்த்தாலும் இடியப்பத் தட்டு. பிரம்பில் பின்னினது, உள்ளே எல்லாம் இடைவெளி. மேசையில் எறும்பு ஏறும் என்பதால் இரண்டு தட்டைக் கவிழ்த்து அதன் மேல்தான் எப்போதும் லப்டொப்பை வைப்பேன். வந்த நாள் முதல் அப்படித்தான். அது ஒரு விசயம் என்று நான் நினைத்ததே இல்லை.

திருநாளுக்கு முந்தின கிழமை ஊருக்கு உறவினர் வரத் தொடங்கினார்கள். இடியப்பம் கேட்டு ஆள் மேல் ஆள். ஒத்திகை நாள் காலையில் ஒரு தட்டும் மிச்சமில்லை. எல்லாம் நீத்துப் பெட்டிக்குள் ஆவியில் இருந்தன. அவியும் நேரத்தில் ஒரு தரம் வாசித்துப் பார்க்கலாம் என்று லப்டொப்பைக் கட்டிலில் வைத்தேன். மெத்தையில், உறங்கிக்கொண்டிருந்த என் புருஷனின் கால்மாட்டில்.

இவர் இரவில் இறால் வலைக்குப் போகிறவர். காலையில்தான் உறக்கம். சவுண்டைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். மூன்றாவது பாட்டில் கடுகு பொரிந்தது. என் வீட்டில். முதல் தரம்.

கையெடுக்காமல் அப்படியே இருந்தேன்.

இவர் புரண்டு காலை நீட்டினார். உடனே உதறிக்கொண்டு எழும்பினார்.

"என்னத்த கா கொண்டு வந்து காலுக்குள்ள வெச்சிரிக்காய்? ஸ்திரிக்கைப் பெட்டியா?"

"லப்டொப்."

"காலச் சுட்டுப் போட்டு."

அடியில் கை வைத்தேன். உண்மைதான். அடுப்பிலிருந்து இறக்கின சட்டி போல இருந்தது.

நான் எழுந்து போய் ஆவியிலிருந்து இரண்டு தட்டை எடுத்து இடியப்பத்தைத் தட்டினேன். ஈரம் போகத் துடைத்தேன். லப்டொப்பை அவற்றின் மேல் வைத்தேன். சூடு இறங்கக் கொஞ்சம் விட்டு, மறுபடி வாசித்தேன். ஒரு கடுகும் இல்லை. மெத்தையில் வைத்தேன். பொரிந்தது. மறுபடி தட்டில் வைத்தேன். பேசாமல் இருந்தது.

இவர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார்.

"அதுவும் உன்னப் போலத்தான்," என்றார். "நெருக்கினாத்தான் சத்தம் போடும்."

தகரக் கூரையின் சூட்டை அது தாங்கியிருக்கிறது. கீழும் பின்னாலும் காற்றை அடைத்தால்தான் தாங்கவில்லை. கோயிலில் காற்று இருந்தது. ஆனால் அது வெல்வெட்டுக்கு வெளியே இருந்தது.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சீலை யாருடையது என்று நினைத்ததும் அது போய்விட்டது.

காய்ச்சல்

மாமி வீட்டு முற்றத்தில் பீடத் துணிகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி, ஆர்கன் சீலைய எடுக்கணும்."

"ஏன், ஊத்தையாயிட்டா? போன கிழமதானே தோச்ச."

"ஊத்தை இல்ல."

"மறுகா?"

உள்ளே போய், கையோடு கொண்டுவந்த லப்டொப்பையும் கீபோர்டையும் அவர் துணி மடிக்கிற கட்டிலில் வைத்தேன். கொடியில் கிடந்த அந்தச் சீலையை எடுத்து, கோயிலில் அவர் செய்வது போலவே பின்னால் சுற்றினேன். ஆர்கனைத் திறந்தேன்.

"என்ட ஊட்டயும் பூசை தொடங்கிட்டா?" என்றார் மாமி. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

வாசித்தேன். பொரியத் தொடங்கியதும் அவருடைய கையைப் பிடித்து லப்டொப்பின் அடியில் வைத்தேன். கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன புள்ள, இப்பிடிக் காயுது."

"ஓம்."

"காய்ச்சல்காரன் போல."

"ஓம்."

மாமி லப்டொப்பைப் பார்த்தார். பிறகு சீலையைப் பார்த்தார்.

"இதாலயா?"

"ஓம் மாமி."

மாமி சீலையின் ஓரத்தில் இருந்த திராட்சைக் கொத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஆர்கன் போய், அவரும் போய், இது மட்டும் சும்மா கிடந்திச்சி," என்றார். "இப்பத்தான் ஒரு வேலை கிடைச்சிது எண்டு நினைச்சன்."

அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது வேறு.

"இடியப்பத் தட்டிலதான் வைக்கணும் மாமி," என்றேன்.

"என்னது?"

"எங்க ஊட்ட அதிலதான் வைக்கிற. காத்துப் போகும்."

"அந்தோனியார்ர பாட்டு இடியப்பத் தட்டிலயா?" மாமி நிமிர்ந்தார். "திருநாளுக்கு பிஷப் ஆண்டகை வாறார். இதென்ன எண்டு கேட்டா நான் என்ன சொல்ற? சொதியும் இரிக்கி ஆண்டவரே, கொஞ்சம் பொறுங்க எண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி சிரிக்கவில்லை.

"போ புள்ள. எனக்கு வேலை கிடக்கு."

சீலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் லப்டொப்பை மடித்துக்கொண்டு வந்தேன்.

மேசை முகப்பு

பின்னேரம் ஒரு பையில் லப்டொப்பும் கீபோர்டும். இன்னொரு பையில் என் தட்டு இரண்டு. மாமி ஏசினாலும் வைத்துவிடுவது என்று போனேன். பிறகு நடப்பது நடக்கட்டும்.

மாமி எனக்கு முன்பே வந்திருந்தார். மேசை வேறு மாதிரி இருந்தது.

சீலை மேலே இல்லை. மேசையின் முன்பக்கத்தில், சனங்களைப் பார்த்தபடி தொங்கியது. பொன் சிலுவை நடுவில் வந்திருந்தது. மேலே வெறும் பலகை. பலகையில் இரண்டு புது இடியப்பத் தட்டு, கவிழ்த்து வைத்தபடி. வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் தைத்திருந்தார்.

நான் என் பையைப் பார்த்தேன். மாமியும் பார்த்தார்.

"அதுல மா மணக்கும்," என்றார். "சாமிக்குப் புதுசு."

லப்டொப்பை வைத்தேன். முன்பு மூடிய தடித்த குழல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதிரொலியை மட்டும் திறக்கவில்லை. கோயில் அதைப் பார்த்துக்கொள்ளும்.

வருகைப் பாடல் முழுதாகப் போனது. காணிக்கைப் பாடல் போனது. நன்றிப் பாடலும் போனது. நாலாவதில் என் தோள் தானாக இறங்கியது. அதுவரை தூக்கி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கறி இறக்கியாச்சா அக்கா?" என்றான் ஜெயா.

"ஓம்."

பாதர் தலையை மட்டும் ஆட்டினார். அது போதும்.

கச்சான்

திருநாள் அன்று விடியவே கச்சான் தொடங்கிவிட்டது. வவுணதீவுப் பக்கத்து வயல் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. மெழுகுதிரிகள் வளைந்தன. கோயில் நிறையச் சனம். முன் வாங்கில் ஆண்டகை.

வாசலில் நின்றவர்கள், "தோணி, தோணி," என்றார்கள். தொடங்கினேன்.

என் இடத்திலிருந்து வாவி தெரியாது. வாசலில் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். முதுகுகளைப் பார்த்துத்தான் தோணி எங்கே என்று அறிய வேண்டும். முதலில் எல்லா முதுகும் நேராக இருந்தன. பிறகு எல்லாம் வடக்கே திரும்பின. காற்றுத் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று விளங்கியது.

பாட்டு முடிந்தது. சுற்றினோம். மறுபடி முடிந்தது. மறுபடி சுற்றினோம். பெண்களின் குரல் கம்மத் தொடங்கியது. ஜெயா ஒரு பக்கத்தைப் பாடவிட்டு மற்றப் பக்கத்தை இளைப்பாற விட்டான். இரண்டு பக்கமும் இளைத்தபோது நான் தனியே வாசித்தேன். அவர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

ஜெயாவின் கை ஒரு தரம் சட்டைப் பையைத் தொட்டது. அதற்குள் பென் டிரைவ் இருந்தது எனக்குத் தெரியும். தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

செபமாலை மாமி வாங்கில் உட்காரவில்லை. என் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் குனிந்து லப்டொப்பின் அடியில் கை வைத்தார். பிள்ளைக்கு நெற்றி பார்ப்பது போல. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

முதுகுகள் மெல்ல மெல்ல நடுவுக்குத் திரும்பின.

அப்போது படபடவென்று பொரிந்தது.

விரல்களை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கட்டைக்குப் போனேன், அதற்கடுத்ததற்குப் போனேன். படபடப்பு கூடிக்கொண்டே போனது. அதற்குள்ளால் ஆர்கனும் கேட்டது. முழுதாக, தடித்த குழல்களோடு. கண்ணைத் திறந்தேன்.

ஜெயா என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"வெடி அக்கா, வெடி," என்றான். "சுரூபம் இறங்கிட்டு."

கரையில் சீனவெடி கொளுத்தியிருந்தார்கள். வருடா வருடம் கொளுத்துவதுதான். எனக்கு மறந்துபோயிருந்தது.

முதுகுகள் பிரிந்து வழிவிட்டன. அந்தோனியார் நனைந்த காலுள்ள ஆட்களின் தோளில் ஆடி ஆடி உள்ளே வந்தார். சனம் தானாகவே பாடியது. இளைத்த பெண்களும் பாடினார்கள். சுரூபம் பீடத்தடியில் இறங்கும் வரை வாசித்து, கடைசிக் கட்டையைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, கையை எடுத்தேன். அது கூரைக்குப் போய்த் திரும்பி வந்து அடங்கியது.

கோயில் பேசாமல் இருந்தது. லப்டொப்பின் சின்ன விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. நீளமாக ஒரு மூச்சு விட்டேன். பூசையின் மற்றப் பாட்டுகளை எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை. விரல் வாசித்தது. நான் இருந்தேன்.

பூசை முடிந்து சனம் வெளியே போனது. ஜெயா பென் டிரைவை எடுத்துக் காட்டினான்.

"பாவம், இது பூசை முழுக்கப் பைக்குள்ள இருந்தே கண்டுட்டு," என்றான். "வாங்கின குற்றத்துக்கு என்ட ஆட்டோவில போட்டுக் கேக்கிறன்."

மாமி மேசைக்கு முன்னால் வந்து, சீலையின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். சீலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் லப்டொப்பை நிறுத்தி, மூடியை மூடினேன். விசிறி நின்றது.

"இப்பப் போத்தலாமா புள்ள?" என்றார், ஊசிக்கு இடையால்.

அடியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்திருந்தேன்.

"ஓம் மாமி," என்றேன். "இப்பப் போத்தலாம்."

மாமி சீலையை உதறி விரித்தார்.